'வா' என்று எழுதினேன்

என் தங்கையை நான் ஏமாற்றினேன். தெரிந்தே ஏமாற்றினேன். நான் எழுதிய ஒரு கடிதத்தை நம்பி அவள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தாள். வந்து, நான் அகப்பட்டிருந்த வீட்டுக்குள் தானும் அகப்பட்டாள்.

இதை என் கணவரிடம் சொன்னதில்லை. கோயிலில் நின்று மனதுக்குள்கூடச் சொன்னதில்லை. மாலதியிடம்... அவளிடம் சொல்ல எத்தனையோ முறை வாய் திறந்திருக்கிறேன். உங்களிடம் சொல்ல முடிகிறது. நாளை காலையில் உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டியதில்லை அல்லவா!

எண்பத்தைந்தில் கலியாணம் முடித்து, கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவுக்கு வந்தேன். அந்தத் தெருவில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. நான் வந்த மூன்றாம் மாதம் யாரோ கல்லெறிந்து முன் அறைக் கண்ணாடியை உடைத்தார்கள். அதன்பின் கீழ்த்தளத்து யன்னல்களை அவர் ஆணியடித்து மூடினார். வேலைக்குப் போகும்போது முன்கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைத் தன்னோடு கொண்டுபோனார்.

"வெளியில மொட்டையடிச்ச வெள்ளைக்காரப் பெடியள் எங்கடை ஆக்களை அடிக்கத் திரியிறாங்கள். நீர் உள்ளுக்கை இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும்" என்பார்.

அவர் கெட்டவரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. என் நன்மைக்குத்தான் பூட்டினார். ஆனால் கல்லெறிந்தவர்கள் அந்தத் தெருவை மறந்த பின்னும் அவர் பூட்டிக்கொண்டே இருந்தார்!

மேல்மாடி யன்னலில் நின்று பஸ்களைப் பார்ப்பேன். ஒரு மாலை அவர் வந்து ஏதோ கேட்டபோது எனக்குக் குரல் எழவில்லை. பகல் முழுவதும் ஒரு சொல்லும் பேசாததால் தொண்டை அடைத்திருந்தது. மறுநாள் முதல் பாத்திரங்களோடு பேசத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள்... தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன்.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் இவை எதுவும் இல்லை. பின்வளவில் ரோசாச் செடிகள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கடைக்குப் போவது, பனியில் விளையாடும் பிள்ளைகள்... அம்மா அவற்றை அயலாருக்கு வாசித்துக் காட்டுவாவாம்.

எண்பத்தேழில் கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்புக்குப் போக அனுமதி கிடைத்தது. புதன்கிழமை பிற்பகல், ஒரு தேவாலய மண்டபத்தில். அவரே காரில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வாசலில் காத்திருப்பார்.

ஆசிரியை கேரல் அமெரிக்காவில் பிறந்தவர். ஒரு புதன்கிழமை, தன் குடும்பத்து முன்னோர்களில் ஒருத்தியான ஹன்னாவின் கடிதங்களைப் பிரதியெடுத்து வந்து வாசித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன்னர், புருஷன் நிலம் கிடைக்கும் என்று சொன்னதால், ஹன்னா மாட்டுவண்டியில் மேற்கே போனவள். மரமே இல்லாத புல்வெளி. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கித்தான் வீடு, கூரையும் அதுவே. மழை விட்ட பின்னும் மூன்று நாள் கூரை ஒழுகும். சில வேளை கூரையிலிருந்து பாம்பு விழும். அடுத்த வீட்டுக்கு அரை நாள் பயணம். இருந்த ஒரே வண்டியில் புருஷன் சாமான் வாங்கப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். அவள் கோழிகளோடு பேசுவாளாம்!

இவை ஹன்னாவின் நாட்குறிப்பில் இருந்தவை. ஊரிலிருந்த தங்கைக்கு அவள் எழுதிய கடிதங்களோ வேறு. கூரையில் பூக்கள் பூக்கின்றன, மண் வளமானது, நல்ல மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வா...

தங்கை போனாள். இரண்டாம் குளிர்காலத்தில் பிரசவ வலி வந்தபோது பனி கதவை மூடியிருந்தது. உதவிக்கு ஒருவரும் வர முடியவில்லை. அவள் இறந்துபோனாள்.

"ஹன்னா ஏன் அப்படி எழுதினாள்?" என்று கேரல் எங்களைக் கேட்டார்.

"அம்மா அழக்கூடாது என்பதற்காக" என்றாள் என் அருகில் இருந்த வங்காளப் பெண். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. ஹன்னாவுக்குக் கோழிகளோடு பேசி அலுத்துவிட்டது! அவ்வளவுதான்!

அந்தக் கிழமையே மாலதியின் கடிதம் வந்தது. என் கணவரின் தம்பி ரஞ்சன் அப்போது அகதியாக வந்து எங்களோடு இருந்தான். அவனுக்கு மாலதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எனக்குக் கம்பஸிலை கணிதம் படிக்க இடம் கிடைச்சிட்டுது. அம்மா அத்தான்ரை தம்பியைக் கட்டச் சொல்லுறா. அங்கத்தைய நிலைமை உனக்குத்தான் தெரியும். நான் வரட்டோ, படிக்கட்டோ? நீ சொல்லுறதைத்தான் செய்வன்."

சற்று நில்லுங்கள். நான் எங்கே இருந்தேன் என்று பாருங்கள். ஹன்னாவின் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. ரஞ்சன் அண்ணனைப் போலவே அதிகம் பேசாதவன், அண்ணன் சொல்வதைத் தட்டாதவன் என்பது தெரியும். ஆணியடித்த யன்னலுக்குப் பக்கத்தில் இருந்துதான் பேனாவை எடுத்தேன்.

ரஞ்சன் நல்ல பெடியன் என்று எழுதினேன். இங்கேயும் நீ படிக்கலாம், அத்தானிடம் பேசிவிட்டேன் என்று எழுதினேன். நான் எவரிடமும் பேசவில்லை! கடைசி வரியில் 'வா' என்று எழுதி, ஒட்டி, அவரிடம் கொடுத்தேன். அவரே தபாலில் போட்டார்.

ஊரில் போர் நடந்து, செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. உயிரைக் காப்பாற்றவே அழைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் எழுதிய அந்த வேளையில் எனக்குச் செல்லின் நினைவே இல்லை. வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் வேண்டும்... அது ஒன்றே நினைவு.

எண்பத்தெட்டில் மாலதி வந்து ரஞ்சனைக் கட்டினாள். முதல் சில மாதங்கள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா! நாள் முழுக்கப் பேசினோம். ஒருவர் தலையை ஒருவர் வாரினோம். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போய்க் கதவு பூட்டப்படும் ஓசை கேட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் படிக்கப்போற கொலிச் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"பிறகு பாப்பம்."

"பின்வளவிலை ரோசா இருக்கெண்டு எழுதினாய்?"

"பட்டுப்போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். அதன்பின் எதையும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அண்ணனும் தம்பியும் தங்கள் தாயை, மாமியை, ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். வந்த சில மாதங்களில் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். ஒருத்தி வீட்டில் நின்றால் போதும், மற்றவள் வேலைக்குப் போகலாம் என்று என் கணவர் சொன்னார். யார் நிற்பது? மாலதி வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். நான் போறன்."

கேக் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்கென்று ஒரு சாவி தந்தார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து முகத்தில் காற்றுப்பட வேலைக்குப் போனேன். என் தங்கையை என் இடத்தில் நிறுத்திவிட்டு நான் வெளியே வந்தேன்... அதற்காக வெட்கப்பட்டேனா? இல்லை. அப்போது இல்லை.

இனிச் சொல்வதை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் மாலதிக்கு ஐந்து மாதம். அன்று ஆண்கள் இருவரும் முதலில் போய்விட்டார்கள். கடைசியாகப் புறப்பட்டவள் நான். கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, கைப்பைக்குள் போட்டேன். எவரும் பூட்டச் சொல்லவில்லை. பழகிப்போயிருந்தது!

பத்து மணியளவில் அவளுக்கு உதிரம் போகத் தொடங்கியிருக்கிறது. டெலிபோனில் ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாடிப்படி ஏறி யன்னலைத் திறக்க ஏலவில்லை. தவழ்ந்து கதவடிக்கு வந்து, கடிதம் போடும் துவாரத்துக்கூடாகத் தமிழில் கத்தியிருக்கிறாள். எதிர்வீட்டு ஜமேய்க்கப் பெண்ணின் காதில் அது விழவே வெகுநேரம் ஆயிற்று. தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள்.

பிள்ளை தங்கவில்லை. பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொன்னாள்: "அழாதையக்கா. நீயென்ன வேணுமெண்டே பூட்டினனி?"

புதுக்கதவு போட்டார்கள். அதை எவரும் வெளியிலிருந்து பூட்டவில்லை. மாலதியோ அதைத் திறந்து வெளியே போகவும் இல்லை. எட்டு ஆண்டுகள் மாமியைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தாள்.

சென்ற ஆண்டு மாமி இறந்தார். பின்னொரு ஞாயிறு பிற்பகலில், மாலை வகுப்புகள் பற்றிய கையேட்டை வாங்கி வந்து அவள் மடியில் வைத்தேன். பக்கங்களைப் புரட்டினாள், கணிதப் பாடங்கள் இருந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு மூடித் தந்தாள்.

"தனிய றோட்டைக் கடக்கவே நெஞ்சு படபடக்குதக்கா. இனி என்னத்துக்கு?"

அன்று சொல்லிவிடத் துணிந்தேன். "மாலதி, அண்டைக்கு நான் வரச்சொல்லி எழுதின காயிதம்..."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை மட்டும் நீ எழுதாமல் விட்டிருந்தா? என்னோட படிச்ச மூண்டு பேர் இப்ப உயிரோட இல்லை. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க சண்டைக்குப் பயந்து வீடுவாசலை விட்டிட்டு மழையுக்கை நடந்தது. எனக்காக யோசிச்சு எழுதினனி, என்னக்கா?"

அவள் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. உண்மையில் கேட்டாளா? தெரிந்துகொண்டே எனக்கொரு வழி விட்டாளா? இன்னும் விளங்கவில்லை... இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்!

"ஓம், உனக்காகத்தான்" என்றேன்.

கையை விட்டாள். எழுந்து அரிசி களையப் போனாள்.