ஆலா விழும் இடம்

குளச்சலுக்கு எதிரே கடலுக்குள் சிறு பாறைத் தீவு. ஐப்பசியில் வலசை வந்த ஆலாக்கள் அதை மூடியிருக்கின்றன. அவற்றைப் பார்க்க வள்ளத்தில் வந்திருக்கும் நான், புதுப் பைனாகுலரின் எந்தப் பக்கத்தைத் திருகுவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பறவைகள் மொத்தமாக எழுந்து, தூரத்தில் கடலுக்குள் பாய்கின்றன. வள்ளக்காரர் சூசை எஞ்சினை முடுக்குகிறார்.

“அண்ணே, மெதுவா! பறவை கலைஞ்சிரும்.”

“சாரே, ஆலா விழுற எடத்துலதான் மீனு. நாலு நாளா வெறும் வலையோட கரைக்குப் போறேன். அந்தக் குழலத் தூர வச்சிட்டு இங்க வந்து வலையப் பிடியும்.”

பறவைகள் பாயும் இடத்தில் சூசை வலையை இறக்க, நானும் பிடிக்கிறேன். தலைக்கு மேலே ஒரே கூச்சல். நிமிர்ந்தால் கை வழுக்குகிறது, குனிந்தே இழுக்கிறேன். சாளை மீன் துள்ளத் துள்ள வலை ஏறுகிறது. சூசையின் முகம் மலர்கிறது.

“பறவைய நல்லாப் பாத்தீரா சாரே?”

“ரொம்பப் பக்கத்துல பாத்தேன் அண்ணே” என்கிறேன், வலையை விடாமல்.