கூடாரத்தைச் சுற்றிப் பூண்டுத் தண்ணீர்

“பயமாக இல்லை” என்று ஒரு குழந்தை நடுங்கும் குரலில் சொன்னால், அந்தச் சொல்லை நம்புவதா, குரலை நம்புவதா? போன சனிக்கிழமையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் ஓர் இரவு முகாம் வைக்கிறார்கள். பள்ளி மைதானத்திலேயே கூடாரம் போட்டு, பிள்ளைகளோடு ஆசிரியைகளும் தங்குவார்களாம். பெற்றோர் வரக்கூடாது. அனுப்புகிறோமா இல்லையா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இவளோ இதுவரை ஒரு ராத்திரிகூட என்னை விட்டுத் தூங்கியதில்லை. முடியாது என்றேன். “எல்லாரும் போறாங்கம்மா” என்று அழுதாள். அதன் பிறகு, முடியாது என்று சொன்னது சரிதானா என்று நான் தூங்காமல் கிடந்தேன்.

நடுவில் புகுந்து வழி சொன்னவர் என் கணவர். “நம்ம வூட்டு பின்பக்கமே ஒரு நாளு டென்ட் போட்டுப் படுப்போம். விடியற வரைக்கும் பாப்பா உள்ள ஓடியாராம இருந்தா கேம்புக்கு அனுப்பலாம். ஓடியாந்துட்டா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” மகள் உடனே சரி என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவர் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். உடன் வேலை செய்பவரிடம் கூடாரத்தை இரவல் வாங்கி வந்தார். அதை நிறுத்துவதற்கே சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பள்ளமாக இருந்த இடம். மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று, இவரே வண்டி வைத்துப் பீங்கான் உடைசலைக் கொட்டி மேடாக்கி, மேலே கொஞ்சம் மண் தூவியிருந்தார். கூடார ஆணியை எங்கே அடித்தாலும் ‘ணங்’ என்று சத்தம் வந்ததே தவிர ஆணி இறங்கவில்லை. இரண்டு வளைந்தே போயின.

“மண்ணு கொட்டச் சொன்னேன், கேட்டீங்களா?”

“டென்ட் போடுவோம்னு அப்ப எனக்கு எப்படித் தெரியும்?”

கடைசியில், செடி வைக்க என்று தொழிற்சாலையிலிருந்து அவர் கொண்டுவந்த விரிசல் விட்ட வாஷ்பேசின்களை நான்கு மூலைக்கும் இழுத்துப் போட்டு, அவற்றில் கயிற்றைக் கட்டினார். சில்லு குத்தாமலிருக்க வீட்டிலிருந்த மெத்தையெல்லாம் வெளியே வந்தது. துவைத்துக் காயவைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பாம்பு பயம். நான் விலங்கியல் படித்தவள். பூண்டுத் தண்ணீருக்குப் பாம்பு ஓடும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் இரண்டு கைப்பிடி பூண்டை நசுக்கி, பெருங்காயமும் கரைத்து, கூடாரத்தைச் சுற்றித் தெளித்தேன். தெளிக்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

பாம்பு வந்ததோ இல்லையோ, நான்கு வயது மகனுக்குப் பசி வந்துவிட்டது. “அம்மா, ரச வாசன வருது. எனக்கு ரசஞ்சோறு வேணும்.” வயிறு நிறைய இட்லி தின்றவன். வேறு வழியில்லாமல் உள்ளே போய் ரசத்தைச் சூடு பண்ணிச் சோறு பிசைந்து வந்தேன். பாதியை மெத்தையில் கொட்டினான்.

அப்போது மதில் மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது.

“என்னா கண்ணு, உங்க வூட்ல மட்டும் கரண்ட் இல்லியா?”

“இருக்குதுங்கக்கா. புள்ளைங்க ஆசப்பட்டாங்க, அதான்.”

“வூட்டுக்காரரோட சண்டையா? சொல்லு, நான் பேசறேன்.”

“அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. அவரும் இங்கதான் டென்ட்டுக்குள்ள இருக்காரு.”

“அவரையும் வெளிய தள்ளிட்டியா!”

கூடாரத்துக்குள் அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் கொசுக்கடி தாங்காமல் மகன் அழ ஆரம்பித்தான். “இவனப் படுக்க வெச்சுட்டு வரேன்” என்று தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் வரவில்லை. திட்டம் போட்டவர் மின்விசிறிக்கடியில் தூங்கிவிட்டார். நானும் மகளும் மிஞ்சினோம்.

விளக்கை அணைத்த சற்று நேரத்தில் ‘கிளிங்’ என்று ஒரு சத்தம். பீங்கான் சில்லுகளின் மேல் ஏதோ நடந்தது. அந்த மண்ணில் எலி ஓடினாலும் யாரோ தட்டுகளை அடுக்குவது போலத்தான் கேட்கும்.

“பெருச்சாளியா இருக்கும்” என்றேன். “பயமா இருக்குதா பாப்பா?”

“இல்லம்மா.”

அந்தக் குரல் நடுங்கியது. போர்வை கழுத்துவரை ஏறியிருந்தது.

“நிஜமா? உள்ள போயிடலாமா?”

“பயமா இல்லம்மா.”

“அப்பாவக் கூப்புடட்டா?”

“சும்மா சும்மா கேக்காதம்மா. நீ கேக்கறதுதான் பயமா இருக்குது.”

மறுபடியும் சத்தம், இந்த முறை துணிக்கு அந்தப் பக்கத்திலேயே. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு, பூண்டுத் தண்ணீர் வாளியை உதைத்து உருட்டி, வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டேன்.

அவர் பதறி எழுந்தார். “பாம்பா?”

“இல்ல.”

“அப்பறம்?”

அதற்குப் பதில் சொன்னவள் மகள்தான், அழுதுகொண்டே. “நான் ஓடியாரலப்பா. நான் அங்கயேதான் இருந்தேன். அம்மாதான் தூக்கியாந்துட்டாங்க. இது ஃபெயில் இல்ல.”

“பாப்பா சொல்றதும் நியாயந்தானே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கென்ன.

மறுநாளே கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். “அந்தச் சத்தத்துக்கு உனக்கு உண்மையிலேயே பயமே இல்லையா?” என்று மகளிடம் கேட்க வாய் வரை வருகிறது, கேட்கவில்லை. நான் தூக்காமல் இருந்திருந்தால் விடியும்வரை இருந்திருப்பாளா, அடுத்த நிமிடமே ஓடிவந்திருப்பாளா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அனுப்பவில்லை என்றால், நான் செய்ததற்கு அவளைத் தண்டித்ததாகிவிடும். அனுப்பினால், பயந்து நடுங்கினாலும் ‘பயமா இல்லை’ என்றே டீச்சரிடமும் சொல்லிக்கொண்டு கிடப்பாள். உள்ளே போகலாமா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

இதைப் படிப்பவர்களில், பிள்ளையை முதல்முறை இரவு தங்க அனுப்பியவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? ‘பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம், அதை என் கணவர் தினமும் சொல்கிறார். அனுப்பிவிட்டு வந்த அந்த ராத்திரியை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது.