சம்மண விருந்து

என் முதுகைக் கெடுத்தது டாக்டர் இல்லை, நான்தான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒன்பது வருடங்கள் ஆயின. சொன்ன இடம் ஒரு பிசியோதெரபி அறையின் தரை. எனக்கு முன்னால் வாழையிலை, அதில் பாதி சாப்பிட்ட சாம்பார் சாதம்.

அறுபத்திரண்டு வயதில் சென்னையில் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு ஸ்குரூ, இரண்டு கம்பி. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பெல்ட்டைக் கழற்றக்கூடாது, ஆறு மாதத்துக்கு மலைப்பக்கமே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வலி சுத்தமாகப் போய்விட்டது. ஆபத்தே அதுதான். செஞ்சியில் ஒருவன் நோயிலிருந்து எழுந்துவிட்டான் என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு அத்தாட்சி ஆகாது. ராஜகிரிக் கோட்டை மலை ஏறினானா என்பதுதான் கேள்வி. மஞ்சள் காமாலை வந்து பிழைத்தவர், மாரடைப்பில் தப்பியவர், எல்லோரும் ஒரு நாள் மேலே போய்விட்டு வந்து கூட்டு ரோட்டு டீக்கடையில் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில், தபால் ஆபீசுக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு நானும் ஏறினேன். வியர்க்கிறது என்று பெல்ட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது கால் வழுக்கி, உயரமான ஒரு படியிலிருந்து கீழ்ப்படியில் தொப்பென்று உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ இடம் மாறியது எனக்கே தெரிந்தது. மறுநாள் வந்த வலி பிறகு போகவே இல்லை.

"ஸ்குரூவைச் சரியா முடுக்கல போல" என்றேன் மனைவியிடம். அவள் அந்த டாக்டரைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். போகப்போக அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பொய் வீட்டோடு நின்றிருந்தால் பாவத்தில் பாதிதான். நான் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். விதை, உரம், பூச்சி என்று நான் சொன்னதைக் கேட்டே சுற்று வட்டாரத்தில் பலர் பயிர் வைத்தார்கள். அந்தப் பழக்கத்தில் மற்ற விஷயங்களிலும் என் வாயைப் பார்ப்பார்கள். ஓய்வுக்குப் பிறகும் விதைக் கிடங்குக்குப் போய் நாற்காலி போட்டு உட்காருவேன். நாலு வருடங்களுக்கு முன் தளவானூரிலிருந்து ஒருவர் மணிலாக்கடலை விதை வாங்க நொண்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள், என்ன செய்யலாம் சார் என்று கேட்டார். நான் பையிலிருந்து என் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஆமாம், பையிலேயே வைத்திருப்பேன். "உடம்புல கத்தி வைக்க விடாதே. என்னைப் பார்" என்றேன்.

அவர் மூன்று வருடம் கத்தி வைக்க விடவில்லை.

பிறகு என் முறை வந்தது. வளைந்து நடந்து நடந்து என் வலது இடுப்பு மூட்டும் தேய்ந்தது. முதுகில் மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இடுப்பு மூட்டையும் மாற்ற வேண்டும், எது முதலில் என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள் புதுச்சேரியில். அதுவரை தசைக்குப் பலம் சேர்க்க, திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு பிசியோதெரபி அறைக்கு வாரம் இரண்டு நாள் போகத் தொடங்கினேன்.

அந்த அறைக்கு நான் பயந்துகொண்டுதான் போனேன். போன முதல் நாளே சிரித்தேன். பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், முடித்து வந்தவர்களிடம் பேசாமல் போகக்கூடாது. முடித்து வந்தவர்களுக்குத் தலைவி தொண்டூர் அம்மா. கூலி வேலை செய்து இரண்டு இடுப்பும் தேய்ந்து, இரண்டையும் மாற்றிக்கொண்டவர்.

"சாருக்கு எத்தினி இரும்பு?" என்று கேட்டார்.

"ஆறு ஸ்குரூ, ரெண்டு கம்பி."

"எட்டா. எனக்கு ரெண்டுதான். ஆனா என்னுது வேல செய்யுது."

அங்கே எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துத் தூங்குவது, கட்டிலுக்கு அடியில் செங்கல் கொடுப்பது, ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால் என்று ஊன்றுகோலோடு பழகுவது. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் தொண்டூர் அம்மா ஊர்ச்செய்தி மாதிரி சொல்வார். மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே உட்கார்ந்து வெளிக்குப் போக வசதி இருக்காது என்று, நடுவில் ஓட்டை போட்ட தன் கக்கூஸ் நாற்காலியை பஸ்ஸிலேயே கொண்டுபோனாராம்.

"கண்டக்டரு, இது இன்னா ஆயா, லக்கேஜானு கேட்டான். இல்லப்பா, என் சீட்டுன்னேன். பஸ்ல நின்னுக்குனு வந்தவன் ஒருத்தன் அதுமேல குந்திக்கினான். எறங்கற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல."

அந்த அறையில்தான் தளவானூர்க்காரரை மறுபடி பார்த்தேன். போன வருடம் மூட்டு மாற்றிக்கொண்டு, இப்போது நேராக நடந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி கொடுத்தார். "அப்பவே சாரு என்ன எச்சரிச்சாரு. பாவம், அவரு முதுக அந்த டாக்டர் கெடுத்துட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னார். என்மேல் கோபம் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரக்கப்பட்டார். எனக்கு ஊன்றுகோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

இதற்கிடையில் புதுச்சேரியில் முதுகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். முதல் ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே வலி இருந்ததா, அல்லது நடுவில் நன்றாக இருந்து பிறகு வந்ததா? பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். "முதல் நாளிலிருந்தே" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் ஸ்குரூவில் அப்போதிருந்தே கிருமி ஒளிந்திருக்கலாம் என்றார். கிருமி இருக்கும் உடம்பில் புது இடுப்பு மூட்டை வைக்க முடியாது. முதலில் முதுகைத் திறந்து பழையதை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சில மாதம் கழித்துப் புது ஸ்குரூ. அதற்கும் பிறகுதான் இடுப்பு. ஆக மூன்று ஆபரேஷன், ஒரு வருடம்கூட ஆகலாம். எழுபத்தோரு வயதில் மூன்று முறை மயக்க மருந்து. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கணக்கே மாறும் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சம்மண விருந்து வைத்தார்கள்.

இது தொண்டூர் அம்மா ஏற்படுத்திய வழக்கம். இடுப்பு மூட்டை மாற்றினால் பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்காரக்கூடாது. "பொறந்ததுல இருந்து குந்திக்கினு சாப்ட்ட உடம்பு. ஒரு வார்த்த சொல்லாம எப்படி அனுப்பறது" என்று, தன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டாராம். அதிலிருந்து யார் போனாலும் அந்த அறையில் அவர்களுக்கு ஒரு விருந்து. எனக்கு இடுப்பு கடைசியில்தானே என்றேன். "ஒரு வருசம் படுத்துக்கினு இருக்கப் போறீங்க. அப்புறம் ஏது சம்மணம்" என்றார்.

பிசியோதெரபிப் பெண் யோசித்துவிட்டுப் பத்து நிமிடம் அனுமதித்தாள். இடது காலை மடக்கி, வலது காலைப் பாதி மடக்கி, முட்டிக்கு அடியில் தலையணை கொடுத்து என்னைத் தரையில் இறக்கினாள். என்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்து என்னைக் குனிந்து பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்த்தார்கள். குனிய அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. தளவானூர்க்காரர் நின்றபடியே நீளக் கரண்டியால் சாம்பார் ஊற்றினார். பாதி இலையில் விழுந்தது, பாதி என் வேட்டியில்.

"சாம்பார் சூடா இருக்குதா சார்?"

"தொடையில சூடாத்தான் இருக்குது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பாயசத் தூக்கோடு ஜன்னலோரம் நின்று சிரித்தாள். தளவானூர்க்காரர் சிரித்து முடித்துவிட்டு, "அந்தப் பாவி டாக்டர் மட்டும் ஒழுங்கா பண்ணியிருந்தா சாருக்கு இந்த மூணு ஆபரேஷன் வந்திருக்குமா. நல்லாவே இருக்க மாட்டான்" என்றார்.

என் பொய்க்காக ஒரு நல்ல மனிதர், ஒரு பாவமும் அறியாத இன்னொருவரைச் சபிக்கிறார். பாதிச் சாப்பாட்டில் இலையிலிருந்து கையை எடுத்தேன். சொல்லிவிட்டேன். மலை, பெல்ட், படி, மறுநாள் வந்த வலி எல்லாவற்றையும், இலையைப் பார்த்துக்கொண்டே.

முதலில் பேசியது என் மனைவி.

"தபால் ஆபீசா?"

"ஆமா."

"அன்னிக்கு ஸ்டாம்பு வாங்கிட்டு வந்தீங்களே."

"அது வர்ற வழியில."

அவள் தூக்கை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தளவானூர்க்காரர் சாம்பார் வாளியை நாற்காலியில் வைத்தார். "மூணு வருசம் சார்" என்றார். "கழனியில எறங்க முடியாம வரப்புல நின்னு பாத்துக்கினே இருந்தேன். எம் பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்கு எழுந்து நின்னு கும்பிட முடியல. சாரு சொன்னாரே, சாரு படிச்சவராச்சேன்னு." அப்படியே வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் பின்னால் போக வேண்டும் என்று நினைத்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"ஓட முடியாது, இல்ல?" என்றார் தொண்டூர் அம்மா. "சாப்டுங்க. இலைய பாதில உட்டா எனக்குப் புடிக்காது."

சாப்பிட்டேன். இவ்வளவு பேர் பார்க்க, ஒரு பருக்கை விடாமல். கொஞ்ச நேரத்தில் தளவானூர்க்காரர் திரும்பி வந்து நின்றார்.

"இது அந்த புதுச்சேரி டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம எப்படி சார் கத்திய வைப்பாரு? போனப் போடுங்கம்மா."

பிசியோதெரபிப் பெண் டாக்டருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒன்பது வருடம் அடைத்திருந்தது அல்லவா, நான் எந்த மண்டபம் தாண்டி, எவ்வளவு உயரப் படி என்று விவரித்துக்கொண்டே போனேன்.

"சார், படி வேண்டாம்" என்றார் டாக்டர். "வலி இல்லாம எத்தனை நாள் இருந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"மூணு மாசம்."

"முழுசா?"

"முழுசா. மலை ஏறுற அளவுக்கு."

அவர் சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. அப்படியென்றால் கிருமியாக இருக்க வாய்ப்பு குறைவு, எதற்கும் புதன்கிழமை வாருங்கள், முதலில் ஊசியால் நீர் எடுத்துச் சோதித்துப் பார்ப்போம், கத்தி பிறகு என்றார்.

போனை வைத்த பிறகுதான் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. என்னைத் தூக்க வேண்டும். பிசியோதெரபிப் பெண்ணையும் என் மனைவியையும் தவிர, அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேர் உடம்பிலும் இரும்பு. ஒருவரும் குனியக்கூடாது. போன விருந்துகளுக்கு எல்லாம் யாராவது மகனோ மருமகனோ வந்திருக்கிறார்கள். எனக்கு இருந்தது கோபமாக நிற்கும் மனைவி மட்டும்.

பிசியோதெரபிப் பெண் என்னைப் புரட்டிக் கையும் முட்டியும் ஊன்ற வைத்தாள். முன்னால் ஒரு நாற்காலி. தளவானூர்க்காரர் தன் துண்டை என் அக்குளுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் நின்றபடியே பிடித்துக்கொண்டார்.

"எட்டு இரும்பு, அதுல ஒரு பொய்யி வேற. கனமாத்தான் இருக்குது" என்றார்.

தொண்டூர் அம்மா சிரித்ததில் அவருடைய நாற்காலி ஆடியது. என் மனைவியும் சிரித்துவிட்டாள். உடனே அடக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பாயசத் தூக்கின் மூடியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். அது போதும் எனக்கு.

சோதனையில் கிருமி இல்லை. இடுப்பை முதலில் மாற்றினார்கள். முதுகில் தளர்ந்த இரண்டு ஸ்குரூவை மட்டும் அடுத்த மாதம் மாற்றப்போகிறார்கள். சென்னை டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் அதைப் படித்தாரா என்று தெரியாது. எழுத வேண்டியது என் கடன்.

ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குத் துணையாக இரண்டு நாள் தளவானூர்க்காரர் வந்து இருந்தார். எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று கேட்டேன். "உங்கள நம்ப முடியாது சார். உட்டா இங்கிருந்தே எதையாச்சும் ஏறிடுவீங்க" என்றார். வாக்கரைப் பிடித்து நான் முதன்முதலில் வராந்தாவில் நடந்தபோது பக்கத்தில் அவர்தான் வந்தார். புது மூட்டில் காலை ஊன்றினேன். எத்தனையோ வருடங்களாக இருந்த அந்தக் குத்தல் அங்கே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி தூரம் போனதும் நின்று, மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். முகத்துக்காகப் பேசுகிறவர் இல்லை.

"இன்னும் இல்ல சார். நான் நொண்டனது மூணு வருசம். அதே மாதிரி மூணு வருசம் போகட்டும். அதுக்கப்புறம் கேளுங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் செவ்வாய்க்கிழம, சனிக்கிழம ரூமுக்கு வருவேன் இல்ல. வந்து திட்டறேன். நடங்க, நின்னா கால் வீங்கும்."

நடந்தேன். மூன்று வருடம் கழித்து எனக்கு எழுபத்து நாலு. அன்றைக்கு அவர் வீட்டுக்கு என் காலால் நடந்துபோய்க் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். தளவானூர் பஸ் நிறுத்தத்திலிருந்து அவர் வீடு கொஞ்ச தூரம்தான், நடுவில் ஒரு மேடு உண்டு என்கிறார். இப்போதிலிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன், பிசியோதெரபிப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான்.