மேகாத்தில் பதினெட்டு கிலோமீட்டர்

கியர் சைக்கிள் வாங்கிய முதல் நாளே போனில் தேடிப் பார்த்தேன்: மலையேறும் சைக்கிளைச் சாதாரண ஆள் எவ்வளவு வேகத்தில் மிதிக்கலாம்? மணிக்குப் பதினைந்திலிருந்து இருபது கிலோமீட்டர் என்று வந்தது. தடித்த டயர் ரோட்டை இழுத்துப் பிடிக்கும், அதனால் ரேஸ் சைக்கிள் அளவுக்கு ஓடாது என்றும் போட்டிருந்தது. வேகம் காட்டும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டேன்.

நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் சாயல்குடியில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து நேர் மேற்கே பதினெட்டு கிலோமீட்டர். காலையில் கரிமூட்டை ஏற்றிப் போகும் லோடு ஆட்டோவில் சைக்கிளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போவேன். சாயங்காலம் மிதித்து வருவேன். செயலி இருபத்தாறு, இருபத்தேழு என்று காட்டும். ஒரு நாள் இருபத்தெட்டு. நான் சாதாரண ஆள் இல்லை என்று நம்பிவிட்டேன். வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம், "சாயல்குடி எனக்கு நாப்பது நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் முதலில் படித்தவன் நான். நான் சொல்லும் கணக்கை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

எனக்கு அடுத்துப் படித்தவள் தங்கச்சி. அந்த வருஷம் அரசு வேலைக்கான தேர்வுக்கு ராப்பகலாகத் தயாரானாள். அவளைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்து போயிருந்தது. அய்யா அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தடவ எழுதிப் பாருத்தா. தட்டிப்போச்சுன்னா அவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. தேர்வு மையம் சாயல்குடியில். ஆறு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். எட்டு மணிக்கு யாரோ ஒரு அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, என் ஆதார் அட்டை ஒன்கிட்டயா இருக்கு?"

நகல் எடுக்க நான்தான் முந்தின நாள் வாங்கிப் போயிருந்தேன். நகலை மட்டும் கொடுத்துவிட்டு அட்டையை என் பையிலேயே வைத்திருந்தேன்.

"ஒரிஜினல் இல்லாம உள்ள விடமாட்டாகளாம்ணே. ஒம்போது மணிக்கு கேட்டப் பூட்டிருவாக. சித்தப்பாவ பைக்க எடுத்துட்டு வரச் சொல்லு."

"சித்தப்பா ஆட்டப் பத்திக்கிட்டுக் கம்மாய்க்குள்ள போயிட்டாரு. அவரத் தேடுற நேரத்துக்குப் பாதித் தூரம் வந்துருவேன். எட்டேமுக்காலுக்கு கேட்டுல நிப்பேன் பாரு."

"நெசமாவா?"

"எத்தன தடவ வந்துருக்கேன்!"

அந்தத் தடவைகள் எல்லாம் சாயல்குடியிலிருந்து வீட்டுக்கு வந்தவைதான், வீட்டிலிருந்து போனவை இல்லை என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

எட்டு ஐந்துக்குக் கிளம்பினேன். ஊர் எல்லையில் கருவேலங்காடு முடிந்து பொட்டல் தொடங்கியதும் முகத்தில் அறைந்தது மேகாத்து. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். களத்தில் பதர் பறக்கப் பொலி தூற்றும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சைக்கிளுக்கும் அந்தக் காற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

செயலியில் பதினேழு. பிறகு பதினைந்து. எழுந்து நின்று மிதித்தால் நெஞ்சே கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடித்தது. கியரைக் குறைத்தால் கால் மட்டும் சுற்றியது, ரோடு நகரவில்லை. கண்ணிலும் பல்லிலும் மண். எட்டு முப்பத்தைந்துக்கு எட்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை.

அப்போது பின்னாலிருந்து டிவிஎஸ் பிஃப்டியில் ஒருவர் வந்தார். யாரென்று தெரியாது. பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்.

"ஏலே, மலையில ஏறுற சைக்கிளா இது? நம்ம பக்கம் மலை எங்கனடா இருக்கு?"

எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னடா அவசரம்? எங்கிட்டுப் போற?"

"சாயல்குடிண்ணே. தங்கச்சிக்குப் பரீட்ச. ஒம்போதுக்குள்ள போகணும்."

"அப்ப இந்தக் காத்துல என்னத்தப் போயி மிதிச்சுக்கிட்டு? அதை அங்கன முள்ளுக்குள்ள தள்ளிட்டு ஏறு. ஒம்போதுக்கு முன்ன கொண்டி விட்டுர்றேன்."

சைக்கிளைப் பார்த்தேன். முதல் சம்பளத்தில் வாங்கியது. ஹேண்டில் பாரில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பூட்டு வீட்டில் கிடந்தது.

"இல்லண்ணே, நீங்க போங்க. கொஞ்ச தூரந்தான்."

"ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வண்டிச் சத்தம் அடங்குவதற்குள்ளேயே "அண்ணே!" என்று கத்தினேன். எதிர்க்காற்று என் குரலை எனக்குப் பின்னாலேயே கொண்டுபோனது.

தேர்வு மையத்துக்கு வந்தபோது ஒன்பது பதிமூன்று. கேட் பூட்டியிருந்தது. தங்கச்சி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். ஹால் டிக்கெட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அட்டையை நீட்டினேன். வாங்கவில்லை. என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வழியில ஒரு வண்டியுமா வரலண்ணே?"

"வரல" என்றேன்.

கேட்டில் நின்றவரிடம் கெஞ்சினேன். "விதிய மீறி நான் என்ன தம்பி பண்ண முடியும்?" என்றார் அவர். செயலியை அணைக்கப் போனபோது சராசரி வேகம் பார்த்தேன். பதினாறுகூட இல்லை.

சைக்கிளில் கேரியர் கிடையாது. அவள் பஸ்ஸுக்கு நின்றாள், நான் சைக்கிளில் திரும்பினேன். மேகாத்து முதுகில் கை வைத்துத் தள்ளியது. பெடலில் காலைச் சும்மா வைத்திருந்தாலே ஓடியது. பஸ்ஸுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அய்யா வாசலில் நின்றார். "எழுதுறாளா?"

"உள்ள விடலய்யா. ஆதார் அட்ட இல்லன்னு."

"மறந்துட்டாளா?"

நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். பானை மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

தங்கச்சி வந்ததும் அவளிடமும் அதையே கேட்டார். அவள் அடுப்படி வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமாய்யா, மறந்துட்டேன்."

"பாவம், அவன் எப்படி மிதிச்சு வந்தானோ! கண்ணெல்லாம் செவந்து போயி நிக்கிறான். இவ்வளவு படிச்சு என்னத்தா செய்ய, ஒரு அட்டையப் பத்திரமா எடுத்துட்டுப் போகத் தெரியலயே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அடுப்படிக்குள் நகர்ந்துகொண்டேன்.

ஆவணி கடைசியில் கல்யாணம் முடிந்தது. இப்போது புருஷன் ஊரான அக்காள்மடத்தில் இருக்கிறாள். நல்ல மனுஷன்தான் மாப்பிள்ளை. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. அவள் விசேஷங்களுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது அய்யா இன்னமும் விளையாட்டாக, "எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டியாத்தா? நீ மறதிக்காரியாச்சே" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டுவாள்.

டிவிஎஸ் வண்டி வந்ததையும் நான் ஏறாததையும் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. நான் எழுதிய இந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பிவிடலாம், படித்துக்கொள்வாள். அய்யாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து தெரியாது. அவர் முன்னால் போய் நின்று, வாயால்தான் சொல்ல வேண்டும்.