தடைக்காலத்துக் கதைப் பட்டறை

கதை எழுத முதல்ல வேண்டியது கற்பனைன்னு சொல்றாங்க. என்னைக் கேட்டா, புள்ளையைப் பாத்துக்க ஒரு ஆள். எனக்கு அந்த ஆள் வருஷத்துல ரெண்டு மாசம்தான் கிடைக்கும். மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும், வீட்டுக்காரரும் வீட்டோட கிடப்பாரு. அந்த நேரம் பாத்து, காரைக்கால் டவுன்ல ஒரு ஹால்ல எழுத்துப் பயிற்சிப் பட்டறை, ஆறு ஞாயித்துக்கிழமை, இலவசம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. நான் படிச்சது எட்டாவது. நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்தா வேர்த்து ஊத்தும். இருந்தும் திருவேட்டக்குடியில பஸ் ஏறிட்டேன்.

காரணம் நோட்டீஸோட கடைசி வரி. ஆறாவது ஞாயிறு எல்லாரும் அவங்கவங்க கதையை ஊர் மக்கள் முன்னாடி வாசிக்கணும், வாசிச்சவங்க கதை மட்டும் புத்தகத்துல வரும்னு போட்டிருந்துச்சு. என் பேரு அதுவரைக்கும் அச்சுல வந்தது கல்யாணப் பத்திரிகையிலயும் ரேஷன் கார்டுலயும்தான். மூணாவதா ஒரு இடத்துல வந்துராதான்னு ஆசை. அதுக்கு வாசிச்சாகணுமேன்னு பயம். இந்த மாதிரி கூட்டத்துல கடைசி நாற்காலியில உக்காந்து பேனா மூடியைக் கடிக்கிற அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

பேரு சொல்லுங்க

முதல் வாரம் ஒவ்வொருத்தரா எழுந்து பேரு சொல்லணும். நான் கடைசி வரிசை. என் முறை வர்றதுக்குள்ள மனசுக்குள்ள முப்பது தடவை சொல்லிப் பாத்துட்டேன். எழுந்து நின்னதும் வாயில வந்தது, "யாழினி அம்மா."

பட்டறை நடத்துன சார் தங்கமானவரு. அரசுப் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்துறவரு. "அது பாப்பா பேரும்மா. உங்க பேரு என்ன?"ன்னு பொறுமையா கேட்டாரு. எனக்குச் சத்தியமா வரல. தெருவுல யாழினி அம்மா, வீட்டுல 'இந்தா', மாமியாருக்கு 'ஏ புள்ள'. பேரைக் கூப்பிட்டு நாலு வருஷம் ஆவுது. பக்கத்துல இருந்த நூர்ஜஹான் அக்கா, தையல் கடை வச்சிருக்கறவங்க, எனக்காகப் பதில் சொன்னாங்க: "அவசரத்துல பேரை வீட்டுலயே வச்சுட்டு வந்துருச்சு சார், அடுத்த வாரம் மறக்காம எடுத்துட்டு வரும்."

கடலை வர்ணிக்கவும்

ரெண்டாவது வாரம் கடலை வர்ணிச்சு எழுதச் சொன்னாரு சார். "உங்களுக்கு என்னம்மா, கடல் வாசல்லயே கிடக்கு"ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் எழுதினது ரெண்டு வரி. 'கடல் கிழக்கே இருக்கு. தண்ணி நிறைய.' நெடுங்காட்டுலேருந்து வந்த காலேஜ் பொண்ணு, வயக்காட்டுப் புள்ளை, நீலப்பட்டு, வெள்ளிக் கொலுசு, அலைக்கரம்னு ரெண்டு பக்கம் எழுதி கைதட்டு வாங்கிருச்சு.

அவமானமா போயிருச்சு. வீட்டுக்கு வந்தா வீட்டுக்காரர் யாழினிக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்காரு. பதினாறு வயசுலேருந்து கடலுக்குப் போறவரு, இவர்கிட்ட ஒரு மூட்டை வர்ணனை இருக்கும்னு நோட்டைத் திறந்து மடியில வச்சுக்கிட்டு, "ஏங்க, கடல் எப்படிங்க இருக்கும்?"னு கேட்டேன். சோத்து உருண்டையைக் கையில பிடிச்சபடி ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம் என்னைத் திருப்பிக் கேட்டாரு: "எப்ப?"

பொன்னாடை

மூணாவது வாரம் வெளியூர்லேருந்து ஒரு எழுத்தாளர் பேச வந்தாரு. யார் யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சாங்க. பேச்சு வராத ஆளுக்குப் பேசாத வேலையா குடுப்போம்னு பொன்னாடை போத்துற வேலையை எனக்குக் குடுத்துட்டாங்க. பெரிய மனுசங்க முகத்தை நிமிந்து பாக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. மேடையில மைக்குக்கிட்ட வெள்ளைச் சட்டை ஒண்ணு நின்னுச்சு. கால்ல பாலிஷ் போட்ட செருப்பு. போத்திட்டு, கும்பிட்டுட்டு, குனிஞ்ச தலையோட இறங்கி வந்துட்டேன். ஹால்ல சிரிப்பு அடங்கவே இல்ல. எழுத்தாளர் இன்னும் நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. நான் போத்தினது மைக் செட்டுக்காரருக்கு.

எழுத்தாளர் நல்ல மனுசன், அவரும் சேந்து கைதட்டினாரு. கூட்டம் முடிஞ்சு வயரைச் சுருட்டுறப்ப மைக் செட்டுக்காரர் என்கிட்ட வந்தாரு. தோள்ல துண்டு அப்படியே இருந்துச்சு. குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "அக்கா, எத்தனையோ மேடைக்கு மைக் கட்டிட்டேன், ஒருத்தரும் எனக்குப் போத்தினதில்ல, இதைத் திருப்பிக் கேக்க மாட்டாங்கள்ல?"

சார் சொன்ன திருத்தம்

நாலாவது வாரம் ஒருவழியா கதை எழுதிட்டேன். ராத்திரி சண்டை போட்ட புருஷன், காலையில பேசாம படகுக்குக் கிளம்பிப் போறான். சோத்துத் தூக்கை மறந்துட்டான். பொண்டாட்டி அதை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறா, கூப்பிட முடியாம அவன் முதுகையே பாக்கறா. அவ்வளவுதான் கதை. சார் படிச்சுட்டு, "ஏம்மா கூப்பிட மாட்டேங்கறா? உரையாடல்தான் கதைக்கு உயிரு. 'எங்க போறீங்க, நில்லுங்க'ன்னு ஒரு வரி வைங்க. அவன் திரும்பி வந்து வாங்கிட்டுப் போகட்டும்"னாரு. கூப்பிட மாட்டா சார்னு சொன்னேன். சொன்னது எனக்கே கேக்கல. வாத்தியார் சொல்லி மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அவர் சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வாசிச்சுப் பழகணுமேன்னு வீட்டுல மாமியார்கிட்ட வாசிச்சேன். அவங்க நெத்திலி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த வரி வந்ததும் கையில இருந்த நெத்திலியைக் கீழ போட்டுட்டாங்க. "கடலுக்குப் போறவனை எங்க போறேன்னு கேட்டு, பின்னாடியே கூப்பிடவும் செய்யறாளா? கதையிலயே ஆவட்டும் புள்ள, அவன் உசுரோட கரை திரும்ப வேணாமா?"

ஒத்திகை

அஞ்சாவது வாரம் எப்படியாவது அந்த வரியை எடுத்துரலாம்னு போனேன். அன்னைக்கு வாசிப்பு ஒத்திகை, சாருக்கு மூச்சு விட நேரமில்ல. போதாததுக்கு, கடைசிக் கூட்டம் திருவேட்டக்குடி சமுதாயக் கூடத்துலன்னு சந்தோஷமா வேற அறிவிச்சுட்டாரு. முன்பின் தெரியாதவங்க முன்னாடி வாசிச்சுட்டு ஓடி வந்துரலாம்னு இருந்த எனக்கு அந்த வழியும் அடைஞ்சு போச்சு.

ஒத்திகையில முன் வரிசையில சொல்தா தாத்தா உக்காந்திருந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க பக்கம் சொல்தான்னு சொல்லுவாங்க. அவரும் எங்களோட கவிதை எழுத வந்தவருதான். நான் வாசிக்க ஆரம்பிச்சதும் காது மிஷினைக் கழட்டி ஊதினாரு, தட்டினாரு, சட்டைப் பையிலேருந்து புது பேட்டரி எடுத்து மாத்தி, திரும்ப மாட்டினாரு. நான் முடிச்சுட்டேன். தாத்தா எழுந்து மரியாதையா 'மெர்சி'ன்னு நன்றி சொல்லிட்டு, "மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு, கோளாறு உன்கிட்டதான்"னாரு.

சமுதாயக் கூடம்

ஆறாவது ஞாயிறு. மறுநாள் தடை முடியுது. படகுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு, ஐஸுக்குச் சொல்லி, ஊரே கடலுக்குக் கிளம்புற நினைப்புல இருக்கு. முன்னாடி பொம்பளைங்க, அதுல மாமியார். பின்னாடி ஆம்பளைங்க, யாழினியைத் தோள்ல தூங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்காரர். பேப்பரைப் பிரிச்சேன். வாசிச்சாத்தான் புத்தகம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிச்சேன். சண்டை போயிருச்சு, தூக்கு வந்துருச்சு, வாசலும் வந்துருச்சு. அடுத்தது அந்த வரி. அங்கயே வாசிப்பை நிறுத்திட்டேன்.

வரியைத் தொலைச்சுட்டேன்னு நினைச்ச சார், உதவி பண்றதா எடுத்துக் குடுத்தாரு. அவர் கையில இன்னொரு மைக் இருந்ததை அவரே மறந்துட்டாரு. "எங்க போறீங்க, நில்லுங்க!"ன்னு கூடம் முழுக்க கேட்டுச்சு. பொம்பளைங்க 'அய்யய்யோ'ன்னு நெஞ்சுல கை வச்சாங்க. பின்னாடி ஒரு படகுக்காரர் எழுந்துட்டாரு. "ஏன் சார், விடிஞ்சா படகு எறக்கறோம். இன்னைக்கு வந்துதான் இதைக் கேக்கணுமா?" சார் வெலவெலத்துப் போயி, "நான் கேக்கலீங்க, கதையில அந்தம்மா கேக்கறாங்க"ன்னாரு. அம்புட்டுக் கண்ணும் என் பக்கம் திரும்புச்சு. எங்கேருந்து வந்துச்சோ தெரியல, மைக்கைப் பிடிச்சுக் கத்திட்டேன். "அவ கேக்கல சார்! கேக்கவே மாட்டா! நீங்க சொன்னீங்கன்னு நான்தான் எழுதித் தொலைச்சேன்!" மைக் கீச்சுன்னுச்சு. யாழினி முழிச்சுக்கிட்டு அழுதா.

படகுக்காரர் இன்னும் உக்காரல. "சரி தங்கச்சி, கேக்கல. பின்ன என்னதான் பண்ணினா?" பேப்பர்ல அதுக்குப் பதில் இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. "பின்சந்து வழியா ஓடினா அண்ணே. செருப்பு போடல. அவன் கரைக்கு வர்றதுக்குள்ள சுத்திப் போயி எதிர்ல வந்து நின்னா. ரெண்டு பேரும் பேசிக்கல. அவன் தூக்கை வாங்கிக்கிட்டான். சோறு சூடா இருந்துச்சு. அவ்வளவுதான்." படகுக்காரர் தலையை ஆட்டிட்டு உக்காந்தாரு. மாமியார் பக்கத்து அம்மாகிட்ட என்னமோ சொல்லி மூக்கைத் துடைச்சாங்க. சார் கிட்ட வந்து, "வாசிச்சாத்தான் புத்தகம்னு சொல்லியிருந்தேன், நீங்க வாசிக்கலையேம்மா"ன்னாரு. நான் திரும்ப பேப்பரைப் பிரிச்சேன், அவரு தடுத்தாரு. "சொல்லிட்டீங்க. இப்ப சொன்னதை அப்படியே எழுதித் தாங்க, நான் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன்"னாரு.

வீட்டுக்குப் போற வழியெல்லாம் வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. ஊர் முன்னாடி கத்தினது பிடிக்கலையோன்னு பயந்துக்கிட்டே பின்னாடி நடந்தேன். வாசல்கிட்ட வந்ததும் புள்ளையை என்கிட்ட குடுத்துட்டு மெதுவா சொன்னாரு: "சண்டை எதுக்குன்னு மட்டும் சொல்லாம விட்டியே, அந்த மட்டும் புண்ணியம்."

புத்தகமும் வந்துருச்சு, என் பேரு அச்சுல இருக்கற பக்கத்தை ஊர்ல இன்னும் ஒருத்தரும் புரட்டல, ஆனா வாத்தியாரை மைக்குல அதட்டின பொம்பளைன்னு கேட்டா திருவேட்டக்குடியில எல்லாரும் நேரா எங்க வீட்டைக் காட்டுவாங்க.