கப்பல் சேவியருக்கு அழுத பிள்ளைகள்

பாளையங்கோட்டையில் நான் இருக்கும் அடுக்ககத்தில், எதிர்வீட்டுக் குழந்தைக்கு மத்தியானச் சோறு ஊட்டுவது பெரிய காரியம். செல்போன் பாடினால்தான் அவள் வாய் திறப்பாள். காற்றுக்காக இரண்டு வீட்டிலும் கதவைத் திறந்து போட்டிருப்போம் என்பதால், அவள் கேட்கிற பாட்டையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டு என் தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை முகம் காட்டுவான். அவன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. மற்ற நாட்களில் என் வீட்டுக்குள் கேட்கும் மனிதக் குரல் அந்தச் செல்போனுடையதுதான் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

போன வாரம் அதில் ஒரு பாட்டு வந்தது.

ஆத்து மீனே ஆத்து மீனே
அம்மா எங்கே போனாங்க?
அக்கரைக்கு அவல் வாங்க
அப்பா கூடப் போனாங்க.
உன்னை மட்டும் விட்டது ஏனாம்?
ஊதக் காத்து அடிக்குதாம்;
தண்ணிக்குள்ளே நனைஞ்சு போனா
சளியும் வந்து பிடிக்குமாம்!

அசல் பாட்டில் 'சளியும் வந்து' இல்லை, 'தடுமம் வந்து'. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது தடுமம்தான். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பொம்மை மீன் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே 'நாட்டுப்புறப் பாடல்' என்று எழுதியிருந்தது.

"இது நாட்டுப்புறப் பாட்டு இல்லம்மா. இத எழுதுனவர எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்படியா ஆன்ட்டி?" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் குழந்தையின் வாயில் அடுத்த உருண்டையை வைத்தாள். அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் குழந்தை வாயை மூடியிருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தப் பாட்டு பெருங்காய வாசனையில் எழுதப்பட்டது. திருநெல்வேலி டவுனில் ரத வீதி ஒன்றில், கீழே பெருங்காய மண்டி, மேலே எங்கள் அலுவலகம். 'நவ்வாப்பழம்' என்று ஒரு சிறுவர் மாத இதழ். கல்லூரி முடித்த கையோடு அங்கே பிழை திருத்தச் சேர்ந்தேன். அச்சான இதழ்க் கட்டு இரண்டு நாள் அங்கே கிடந்தால் போதும், வாசனை ஏறிவிடும். 'உங்கள் புத்தகத்தில் ஏன் ரசம் மணக்கிறது?' என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பையன் கேட்டிருந்தான். 'கதைகள் உனக்குச் சீக்கிரம் செரிக்க வேண்டாமா, அதற்காகத்தான்' என்று பதில் போயிற்று. இன்றைக்கும் சாம்பார் கொதிக்கும்போது எனக்கு ஒற்றுப்பிழை ஞாபகம் வருகிறது. போன மாதம்கூட மாத்திரை அட்டையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து டாக்டரிடம் காட்டினேன். அவர் எனக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்.

அந்தப் பதிலை எழுதியவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணமான இரண்டாம் வருஷம் மனைவி தவறிவிட்டாள், பிள்ளை கிடையாது, வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கம் ஒற்றை அறை, பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. சாயங்காலம் ஐந்தரைக்குச் சைக்கிளை மண்டி வாசலில் சாத்திவிட்டு மேலே வருவார்.

நவ்வாப்பழத்தில் ஐந்து பேர் எழுதினார்கள். அல்லி அக்கா பாட்டு எழுதுவாள். இன்ஜினீயர் இருளப்பன், தையல் மெஷின் எப்படி ஓடுகிறது, ரயில் எப்படித் தண்டவாளம் மாறுகிறது என்றெல்லாம் விளக்குவார். விடுகதைக்கு வீரம்மாள். மிருகக் கதைகளுக்கும் பிள்ளைகளின் கடிதங்களுக்கும் கொக்கு மாமா. ஐந்தாவது ஆள் கப்பல் சேவியர். புன்னக்காயலில் பிறந்து, சரக்குக் கப்பலில் உலகம் சுற்றி, துறைமுகம் துறைமுகமாக நின்று நம் பிள்ளைகளுக்குக் கடிதம் போடுகிற மாலுமி.

ஐந்து பேரும் அண்ணாச்சிதான். இது முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஓர் இடம் வைத்திருந்தார். அல்லி அக்கா என்றால் தெருவைப் பார்த்த ஜன்னலோரம், கால்களை மடக்கித் தரையில். இருளப்பன் என்றால் மேஜை, நாற்காலி, சட்டைப் பையில் இரண்டு பேனா. வீரம்மாளுக்கு மாடிப்படி. கொக்கு மாமாவுக்கு மொட்டை மாடி வெயில். சேவியர் மட்டும் உட்காரவே மாட்டார். அலமாரி மேல் தாளை வைத்து, கால்களை அகட்டி நின்று, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே எழுதுவார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். "சிரிக்காத தாயி, தளம் ஆடுதுல்லா" என்பார். நிஜத்தில் அண்ணாச்சிக்குக் கடல் என்றால் திருச்செந்தூரில் முழங்கால் அளவு இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறுவதுதான். சேவியருக்காக மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் புன்னக்காயல் போய், வலை பின்னுகிறவர்களோடு பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டு வந்தார்.

முதலில் அலுவலக விதிக்குப் பயந்துதான் புனைபெயர் வைத்தார் என்று நினைக்கிறேன். சர்க்கார் உத்தியோகக்காரர் எழுதுவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் என்னிடம் சொன்ன காரணம் வேறு.

"பிள்ளைகளுக்கு ஒத்த ஆளுதான் எழுதுதான்னு தெரியப்படாதும்மா. அஞ்சு பேரு தங்களுக்காக உக்காந்து மெனக்கெடுதாங்கன்னு நெனைக்கட்டும். நீ யாருகிட்டயும் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். இருபத்திரண்டு வயதில் கொடுக்கிற வாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா!

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்குக் கப்பல் சேவியரைக் கூப்பிட்டது. கப்பலில் இருக்கிறார் என்று எழுதினோம். கரைக்கு வரும் தேதியைச் சொல்லுங்கள், விழாவை அன்றைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. தொப்பி, மாலை எல்லாம் தயாராம். அண்ணாச்சி மூன்று நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேசாம சேவியர முடிச்சிருவோம் அண்ணாச்சி" என்று சொன்னவள் நான்.

அந்த அறிவிப்பை எழுதியவளும் நான்தான். கறுப்புக் கட்டம் கட்டி, 'நம் கப்பல் சேவியர் கடலோடு கலந்தார்' என்று ஆறே வரி. என் கைப்பட எழுதி அச்சேறிய முதல் எழுத்து அது. எனக்கு ஒரே பெருமை. பிழை ஒன்றுகூட இல்லை என்று மூன்று முறை பார்த்தேன்.

பத்தாம் நாள் தபால்காரர் சாக்கோடு படியேறி வந்தார். மறுநாளும் வந்தார். கோடுபோட்ட தாளில், கணக்கு நோட்டில் கிழித்த தாளில், அழுது மை கலைந்த தாளில் கடிதங்கள். ஒரு வகுப்பே எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனமாக இருந்ததாம். ஒரு பெண் மெழுகுவர்த்தி அனுப்பியிருந்தாள். 'சேவியர் மாமா வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள்?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். புன்னக்காயலிலிருந்து ஒரு வாத்தியார் எழுதினார்: 'எங்கள் ஊரில் சேவியர்கள் ஏராளம். வீடு வீடாக விசாரித்துவிட்டேன், எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். இறந்தது எந்த வீட்டுச் சேவியர்? பூசை வைக்க வேண்டியிருக்கிறது.'

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "என்னவே இது? இல்லாத ஆளுக்கு எழவு விழுந்துருக்கு! இத எங்கன போயிச் சொல்ல?"

அண்ணாச்சி நான்கு சாயங்காலம் எந்தப் பெயரிலும் எழுதாமல், எந்த இடத்திலும் உட்காராமல், சாக்குப் பக்கத்தில் குத்தவைத்து ஒவ்வொரு கடிதமாகப் படித்தார். நாலாவது நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் செத்தா இதுல பத்துல ஒண்ணு வருமா தாயி?"

"உங்களுக்கு என்ன அண்ணாச்சி, இன்னும் நாலு தடவ சாகலாம். நாலு பேரு மிச்சம் இருக்காவள்லா" என்றேன்.

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த மனிதர் அதற்கு முன்னும் பின்னும் தனக்காக என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் வேடிக்கையாக்கி அனுப்பிவிட்டேன்.

அடுத்த சில வருஷங்களில் முதலாளி காலமானார். அவர் பிள்ளைகள் இதழை நிறுத்திவிட்டு, அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை மட்டும் அடித்தார்கள். எனக்குக் கல்யாணமாகி நாக்பூர் போனேன். அங்கே தமிழில் பேச ஆள் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணாச்சியிடமிருந்து ஒரு கார்டு வரும். ஒரு வருஷம் 'இப்படிக்கு அல்லி அக்கா', மறு வருஷம் 'இப்படிக்கு இருளப்பன்'. இருளப்பன் கார்டில் நாக்பூர் ஆரஞ்சுக்குள் சுளை எப்படிப் பிரிகிறது என்று படம்கூடப் போட்டிருந்தார். அந்தக் கார்டுகள் வந்துகொண்டிருந்த வரையில் எனக்கு நாக்பூர் அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

ஒரு பொங்கலுக்குக் கார்டு வரவில்லை. தபால்காரர்களைத் திட்டினேன். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வண்ணார்பேட்டைக்குப் போனேன். அறையில் வேறு யாரோ இருந்தார்கள். மெஸ்காரர்தான் சொன்னார்.

"மார்கழியிலயே போயிட்டாவம்மா. காலையில இட்லிக்கு வரலையேன்னு கதவத் தட்டினோம். ஆபீஸ்ல இருந்து ஒரு மாலை வந்துச்சு. நாங்க எட்டுப் பேரு கொண்டு போயி ஆத்தங்கரையில முடிச்சிட்டு வந்தோம்."

"அவரு எவ்வளவு பெரிய எழுத்தாளரு தெரியுமா?"

"எழுதுவாவளா?" அவர் உண்மையாகவே திகைத்தார். "நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலையே! சாம்பார்ல உப்புக் கூடுனாக்கூடச் சொல்ல மாட்டாவ, பைய எந்திரிச்சுப் போயிருவாவ."

அங்கிருந்து நேரே ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனேன். இரங்கல் செய்தி கொடுக்க வேண்டும். வாசல் வரை போய் நின்றுவிட்டேன். எந்தப் பெயரில் கொடுப்பது? அவர் சொந்தப் பெயரைப் போட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அல்லி அக்கா, கொக்கு மாமா என்று போட்டால், யாரிடமும் சொல்லாதே என்றாரே, அந்த வாக்கு என்ன ஆகும்? வெயிலில் அரை மணி நேரம் நின்று யோசித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். சேவியருக்குச் சாக்குக் கணக்கில் அழுதவர்கள் அப்போது வாலிபர்களாகி ஏதேதோ ஊர்களில் இருந்தார்கள். தாங்கள் அன்றைக்குக் கடிதம் எழுதியது யாருக்கு என்றும் தெரியாது, அவர் போய்விட்டார் என்றும் தெரியாது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மூன்று நான்கு வருஷம் கழித்து, பழைய குழந்தைப் பாட்டுகளைத் தொகுக்கிற சிலர் எப்படியோ என் விலாசத்தைப் பிடித்து நாக்பூருக்கு எழுதினார்கள். மீன் பாட்டு எழுதிய அல்லி அக்கா யார், அவரைப் பற்றி நான்கு வரி தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். 'அல்லி அக்கா யாரென்று எனக்குத் தெரியாது' என்று பதில் போட்டேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு வாரம் நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன். அந்தத் தொகுப்பில் பாட்டின் கீழே பெயர் இல்லை. அதைப் பார்த்து எடுத்தவர்களும் பெயர் இல்லாமல் எடுத்தார்கள். பெயர் இல்லாத பாட்டு நாட்டுப்புறப் பாட்டு ஆவதற்கு எத்தனை நாள் வேண்டும்?

அவர் யாருக்காக அதை மறைக்கச் சொன்னாரோ அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எப்போதோ போய்விட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சாக்குப் பக்கத்தில் குத்தவைத்து அவர் கேட்டதுதான் அவருடைய கடைசி விருப்பம் என்பதும் தோன்றவில்லை. இப்போது எனக்கும் அறுபத்தெட்டு வயது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, நான் போனால் யார் எழுதுவார்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிய பிறகுதான் அவர் கேட்டது புரிகிறது.

நேற்று டவுனுக்குப் போனேன். அந்தக் கட்டடம் இருக்கிறது. கீழே செல்போன் கடை, மேலே உடற்பயிற்சிக் கூடம். தெருவில் எந்த வாசனையும் இல்லை. நவ்வாப்பழத்தின் ஓர் இதழாவது கிடைக்குமா என்று பழைய புத்தகக் கடைகளிலும் நூலகத்திலும் கேட்டேன். அப்படி ஒன்று வந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். முதலாளி இல்லை, மெஸ்காரர் இல்லை. ஐந்து பேரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

அதனால் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் பெ. குற்றாலிங்கம். இந்தப் பெயரைப் படித்ததும் உங்களுக்கு யாருடைய ஞாபகமும் வந்திருக்காது. அது என்னால் வந்த வினை.