புரட்டாசியில் ஒரு கூடாரம்

ஆவடியில் பஸ் பழுதாகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்க, குவார்ட்டர்ஸ் மைதானத்தில் தெரிந்த பழைய கூடாரத்துக்குள் நுழைகிறேன். பம்ப் ஸ்டவ் இரைகிறது. மேலே சங்கரா மீன் பொரிகிறது. பனியனோடு ஒருவர் அதைத் திருப்பிப் போடுகிறார்.

“குந்து சார். துணிய நல்லா மூடிடு, வாசன வெளிய போவுது.”

மூடியதும் கண் எரிகிறது.

“இதுக்குள்ள ஏன் சமைக்கிறீங்க?”

“பொரட்டாசி சார். ஊட்ல கவுச்சி கூடாது. பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்.”

அப்போது வாசல் துணி விலகுகிறது. குடையோடு அவர் மனைவி. இடுப்பில் குண்டான், அதில் கழுவிய அரிசி. அவர் கையில் கரண்டி அப்படியே நிற்கிறது.

“இருக்கிறதே ஒரு ஸ்டவ்வு. அத்தையும் தூக்கிகினு வந்துட்டா, நான் சோத்த எதுல வடிக்கிறது?” என்கிறாள். “மீன எறக்கிட்டு இத ஏத்துய்யா.”